பத்து, முப்பத்தைந்து, இருபத்தாறு: ஒரு குடிநோயாளியின் ரத்தத்தில் பிடிஎன்எஃப்

அந்தக் காகிதத்தை அவரிடம் காட்டியிருக்கக் கூடாது. வார்டில் சேர்ந்த மறுநாள் எடுத்த ரத்தத்தில் பிடிஎன்எஃப் (BDNF) என்ற நரம்பு வளர்ச்சிப் புரதத்தின் அளவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம், பதினைந்தாம் நாள் 35. கட்டிலருகே நின்று, "பாருங்க, மூளை நரம்புக்கு வேண்டிய புரதம் மூணு மடங்குக்கு மேல ஏறியிருக்கு" என்றேன். அவர் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப மூளை திரும்ப வளருதுன்னு அர்த்தமா டாக்டர்?" என்று கேட்டார். அப்படித்தான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அதே எண் 26 ஆக இறங்கியது. அதன்பின் நடந்ததற்குப் பாதிப் பொறுப்பு என்னுடையது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மாணவர்களுக்குப் பாடம் எடுப்பதற்காகப் பல நோயாளிகளைச் சேர்த்து வடித்த நிகழ்வு. ஆள் ஒருவரல்ல. எண்களும் வார்டிலும் லேபிலும் காணக்கூடிய போக்கை ஒட்டி அமைத்தவை. ஆதாரமாக யாரும் எடுத்தாள வேண்டாம். காகிதத்தைக் காட்டிய தவறு மட்டும் கலப்படமில்லாமல் என்னுடையது.

நோயாளி

வயது 44. தச்சர். இருபது ஆண்டுகளாகக் குடிப்பவர், கடைசி ஆறு ஆண்டுகளாகத் தினமும். நாளொன்றுக்கு 40 சதவீத வலுவுள்ள மது 500 மில்லி, சுத்த ஆல்கஹாலாகக் கணக்கிட்டால் 160 கிராமுக்குச் சற்றுக் குறைவு. காலையில் முதல் வாய் உள்ளே போகும்வரை கை நடுங்கும். ஒரு நாள் அதைக் குடிக்காமல் வேலைக்கு உட்கார்ந்திருக்கிறார். உளி வழுக்கி இடது கட்டைவிரலைக் கிழித்துவிட்டது. தையல் போட வந்தவரை மனைவி விடாப்பிடியாக எங்கள் வார்டுக்கு அழைத்து வந்தார்.

"குடியெல்லாம் பெரிய விஷயமில்ல சார், இந்தக் கால் எரிச்சலுக்கு ஏதாவது குடுங்க" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம். ராத்திரியில் பாதங்கள் தணலில் வைத்ததுபோல எரியுமாம். போர்வை பட்டாலே பொறுக்காது. கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு வெறும் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாராம்.

குடிப்பழக்கத்தை அளக்கும் பத்துக் கேள்விகளில் 40க்கு 31 வந்தது. 20க்கு மேல் போனாலே சார்புநிலை இருக்குமோ என்று பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-10 சொல்லும் ஆறு அடையாளங்களில் ஓர் ஆண்டுக்குள் மூன்று சேர்ந்து இருந்தால் மது சார்புநிலை என்று முடிவு செய்யலாம். இவரிடம் ஐந்து இருந்தன. தினம் பத்து சிகரெட். வேறு போதைப்பொருள் இல்லை. மனச்சோர்வுக்கு முன்பு எந்த மருந்தும் எடுத்ததில்லை. இந்தக் கடைசித் தகவல் பின்னால் உதவும்.

உடல் பரிசோதனையில் கணுக்கால் அனிச்சை இரு பக்கமும் இல்லை. பெருவிரலில் அதிர்வுக்கவையின் அதிர்வு தெரியவில்லை. ஊசிக் குத்து கெண்டைக்கால் பாதிவரை மந்தம். கண்ணசைவு சரியாக இருந்தது, குழப்பமும் இல்லை. ஒரு பாதத்தின் முன் மறுபாதம் வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடினார். வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு, மண்ணீரல் சாதாரண அளவு.

ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் எதிர்பார்த்ததுதான். கல்லீரல் நொதிகளான ஜிஜிடி 412, ஏஎஸ்டி 148, ஏஎல்டி 61, சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு 106. ஆல்புமினும் ரத்த உறைவு நேரமும் பரவாயில்லை. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் 92,000. இந்த எண்ணை அன்று குறித்துக்கொண்டு கடந்துபோய்விட்டேன். குடிநோயாளிகளுக்குத் தட்டணு குறைவாக இருப்பது எங்களுக்குப் பழகிப்போன காட்சி.

முதல் வாரம்

குடியை நிறுத்தியதால் வரும் விலகல் அறிகுறிகள் இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போயின. 67 மதிப்பெண் கொண்ட அளவுகோலில் 19. அவற்றைத் தணிக்க, கல்லீரலை மனதில் வைத்து, லோராசெபாம் கொடுத்தோம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் (பி1 வைட்டமின்) ஊசி. வலிப்பு வரவில்லை, ஜன்னி கண்ட நிலைக்கும் போகவில்லை. ஐந்தாம் நாள் கை நடுக்கம் அடங்கி, டம்ளரைச் சிந்தாமல் பிடித்தார். இந்தப் பகுதியில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அப்போது வார்டில் ஒரு சின்ன முயற்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒப்புக்கொள்பவர்களிடம் மூன்று முறை, அதாவது 2, 15, 29ஆம் நாள் காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில், நடைப்பயிற்சிக்கு முன் ரத்தம் எடுத்து பிடிஎன்எஃப், என்ஜிஎஃப் இரண்டையும் அளப்பது. இவரும் கையெழுத்துப் போட்டார்.

என்ன புரதம், யார் கண்டது

நரம்பு வளர்ச்சிப் புரதங்களில் மூத்தது என்ஜிஎஃப். 1950களில் ரீட்டா லெவி-மொந்தால்சினியும் ஸ்டான்லி கோஹனும் சேர்ந்து கண்டறிந்தது. எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக்கருவில் ஒட்டவைத்தபோது நரம்பிழைகள் கட்டியை நோக்கிப் பாய்ந்து வளர்ந்தன. எந்தப் பொருள் இழுக்கிறது என்று தேடப்போய், அது பாம்பு விஷத்தில் ஏராளமாக இருப்பது தற்செயலாகத் தெரிந்தது. அங்கிருந்து எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போனார்கள். 1986இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

பிடிஎன்எஃப் இளையது. 1982இல் பார்ட், எட்கர், தோனென் மூவரும் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ மூளையைக் கரைத்து வடித்ததில் கிடைத்தது சுமார் ஒரு மைக்ரோகிராம். மூளைக்குள் அது செய்யும் வேலை பெரியது. நரம்புச் செல்கள் பிழைத்திருக்க, கிளைவிட, செல்லுக்கும் செல்லுக்கும் இடையேயான இணைப்பு இறுக, கற்றது நிலைக்க, எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு.

மதுவோடும் அதற்கு உறவு உண்டு. பிடிஎன்எஃப் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று இல்லாத சுண்டெலிகள் மற்ற சுண்டெலிகளைவிட அதிகம் குடிக்கின்றன. நரம்புச் செல்களைப் பேணும் இன்னொரு புரதம் ஜிடிஎன்எஃப். 2023இல் வந்த ஓர் ஆய்வில், அதைச் சுரக்கும் மரபணுவை மிதமிஞ்சிக் குடிக்கும் குரங்குகளின் மூளையில், டோபமின் சுரக்கும் பகுதிக்கே ஊசி வழியாகச் செலுத்தினார்கள். அவற்றின் குடி பெருமளவு விழுந்துவிட்டது.

ஆகவே மூளைக்குள் இந்தப் புரதங்கள் குடியைக் கட்டுப்படுத்தும் பொறியில் ஒரு பல்சக்கரம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நாங்கள் ரத்தம் எடுத்தது முழங்கை மடிப்பில் என்பதுதான் சிக்கல்.

அளவுகள்

2ஆம் நாளும் 15ஆம் நாளும் எடுத்த சீரத்தை மூன்றாம் வாரம், புரதத்தை அளக்கும் எலிசா என்ற லேப் முறையில், ஒரே பிளேட்டில் ஓட்டினோம். 10.3, 35.0. நான் கட்டிலருகே போய்க் காட்டியது இந்தக் காகிதத்தைத்தான். 29ஆம் நாள் மாதிரி பிறகு தனியாக வந்தது, 26.1. அதை ஓட்டும்போது லேப் டெக்னீஷியன், உறைபெட்டியில் மிச்சமிருந்த முதலிரண்டு மாதிரிகளையும் அதே பிளேட்டில் மறுபடி வைத்தார். நான் கேட்கவில்லை, அவராகச் செய்தார். இம்முறை அவை 9.4, 31.8 என்று வந்தன. அதே ரத்தம், அதே கிட், வேறொரு நாள், பத்து சதவீதம் கீழே. எலிசாவில் இது சகஜம். ஆகவே இனி இந்த இரண்டாம் ஓட்டத்தின் எண்களையே எடுத்துக்கொள்கிறேன்: 9.4, 31.8, 26.1.

நோயாளி அறிந்த வரிசை வேறு. பத்து, முப்பத்தைந்து, இருபத்தாறு. "குறைஞ்சிருச்சே டாக்டர்" என்றார், குரல் இறங்கி. அன்று நான் சொன்ன சமாதானம் எனக்கே ஒட்டவில்லை. வீட்டுக்குப் போன இரண்டாம் வாரம் ஒரு ராத்திரி குடித்துவிட்டார். குடிக்கு ஆயிரம் காரணம் இருக்கும், ஒரு காகிதத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது. ஆனால் மனைவியிடம் அவர் சொன்ன வார்த்தை இது: "விட்டாலும் மூளை கீழதான் போகுது, அப்புறம் எதுக்கு விடணும்?"

அதே இரண்டு வாரத்தில் அவர் மூளை என்ன செய்துகொண்டிருந்தது? 30 மதிப்பெண் கொண்ட அறிவாற்றல் சோதனையில் 15ஆம் நாள் 21 எடுத்தவர், 29ஆம் நாள் 24 எடுத்தார். அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுத்தால் பழகிப்போகும் என்பதால் மாற்று வடிவம் கொடுத்திருந்தோம். எண் இறங்கியது, மனிதர் ஏறினார். இந்த முரண்தான் என்னைப் பழைய காகிதங்களைப் புரட்ட வைத்தது.

ஏன் ஏறியது, ஏன் இறங்கியது

தட்டணு எண்ணிக்கையைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 2ஆம் நாள் 92,000. 15ஆம் நாள் 3,38,000. 29ஆம் நாள் 2,46,000. பிடிஎன்எஃப் ஏறியபோது தட்டணுவும் ஏறியது, இறங்கியபோது அதுவும் இறங்கியது. பத்தாயிரம் தட்டணுவுக்கு எவ்வளவு பிடிஎன்எஃப் என்று வகுத்தால் 1.02, 0.94, 1.06. கிட்டத்தட்ட நேர்கோடு. மூன்று மடங்குக்கு மேலான உயர்வு, வகுத்ததும் காணாமல் போய்விட்டது.

இதில் மாயம் எதுவுமில்லை. ரத்தத்தில் சுற்றும் பிடிஎன்எஃப்பின் பெரும்பங்கு தட்டணுக்களுக்குள் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறது. தட்டணுவை ஈனும் எலும்பு மஜ்ஜைச் செல்களே அதைத் தயாரித்து உள்ளே வைத்து அனுப்புகின்றன, சுற்றும்போது வெளியிலிருந்தும் தட்டணு கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ரத்தம் உறையும்போது தட்டணு பிளந்து சரக்கைக் கொட்டும். நாம் சீரம் என்று எடுப்பது உறைந்து முடிந்த ரத்தத்தின் தெளிவை. சீரத்தில் பிடிஎன்எஃப் அளப்பது என்றால், சாக்குமூட்டைகளைக் கிழித்துக் கொட்டிவிட்டு மொத்த தானியத்தை எடை போடுவது. மூட்டை கூடினால் எடையும் கூடும்.

குடிநோயாளியின் தட்டணுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. மது எலும்பு மஜ்ஜையில் தட்டணு உற்பத்தியை அமுக்குகிறது, வெளியே வந்த தட்டணுவின் ஆயுளையும் குறைக்கிறது. குடியை நிறுத்திய சில நாட்களில் மஜ்ஜை விழித்துக்கொண்டு அவசர அவசரமாக உற்பத்தி செய்யும். இரண்டு மூன்று வாரத்தில் எண்ணிக்கை இயல்பையும் தாண்டி எகிறும். அப்புறம் தானாகத் தணியும். இவருக்கு மண்ணீரல் வீங்கவில்லை, அதாவது தட்டணுவைப் பிடித்து அடைத்துவைக்கும் முற்றிய கல்லீரல் நோய் இல்லை. ஆகவே எகிறுதல் பாடப்புத்தகத்தில் உள்ளபடி நடந்தது. முற்றிய கல்லீரல் நோய் உள்ள ஒருவருக்கு இதே நாட்களில் தட்டணு ஏறாமலே கிடக்கலாம். அவருடைய சீரத்திலும் பிடிஎன்எஃப் ஏறாது. "இவர் மூளை மீளவில்லை" என்று யாராவது எழுதிவைத்தால், மூளையின் பெயரில் மண்ணீரலின் கதையைப் படித்தவர்கள் ஆவோம்.

குடியை விட்ட முதல் சில வாரங்களில் சீரம் பிடிஎன்எஃப் ஏறுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. குடிநோயாளிகளுக்குக் குறைவு என்று சொல்பவை உண்டு, மற்றவர்களோடு வித்தியாசமே இல்லை என்பவையும் உண்டு. இந்த முரண்பாட்டுக்கு மரபணு, குடும்ப வரலாறு, குடித்த காலம் என்று பல விளக்கம் தேடுகிறார்கள். அவையும் இருக்கலாம். ஆனால் எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள், அன்று தட்டணு எவ்வளவு என்ற இரண்டும் பக்கத்தில் இல்லாத எந்த எண்ணையும் இப்போது நான் நம்புவதில்லை.

சரி, பிளாஸ்மாவில் அளந்தால் தீராதா? தட்டணுவை உடைக்காமல் பிரித்தெடுத்த பிளாஸ்மாவில் உள்ளது வெளியே மிதக்கும் பிடிஎன்எஃப் மட்டும்தான். சீரத்தைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும். உடலுக்குள் செலுத்தினால் ரத்தத்திலிருந்து சில நிமிடங்களில் மறைந்துவிடும் பொருள் என்பதால், அந்த நொடியின் நிலையைச் சொல்லும் என்ற நம்பிக்கை உண்டு. நாங்களும் எடுத்தோம். 2ஆம் நாள் 0.6, 15ஆம் நாள் 2.4, 29ஆம் நாள் 0.8. நடுவிலுள்ளது மட்டும் ஏன் துருத்துகிறது? பதிவேட்டைப் பார்த்தால், அன்று காலை, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜில் வேறு மாதிரிகள் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் டியூப் இரண்டு மணி நேரம் ஸ்டாண்டில் நின்றிருக்கிறது. நிற்க நிற்கத் தட்டணு கசியும். அதுவும் அன்று தட்டணு 3,38,000. 2.4ஐ அடித்துவிட்டேன். மிச்சமிருக்கும் இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு எந்தக் கோடு வேண்டுமானாலும் போடலாம், அதனால் எதுவும் போடவில்லை.

ஒரே கை, இரண்டு டியூப்

29ஆம் நாள் ஒரு சிறு சோதனையும் செய்தோம். செய்துவைத்ததில் எனக்குத் திருப்தி தந்தது இது ஒன்றுதான். ஒரே ஊசியில், ஒரே கையிலிருந்து, அடுத்தடுத்து இரண்டு சிவப்பு மூடி டியூப். ஒன்றை 15 நிமிடத்தில் சுழற்றினோம். அடியில் கட்டி இன்னும் தளர்வாக, சாய்த்தால் ஆடியது. இன்னொன்றை அறை வெப்பத்தில் முழுதாக ஒரு மணி நேரம் விட்டோம். கட்டி கண்ணாடியிலிருந்து விலகிச் சுருங்கி, தெளிந்த மஞ்சள் சீரம் மேலே நின்றது. முதல் டியூப்பில் 17.8. இரண்டாவதில் 26.1.

அந்த 45 நிமிடத்தில் இவருடைய மூளையில் என்ன நடந்திருக்கும்? பெரும்பாலும் காலைக் காப்பி பற்றிய யோசனை. ஒரு மருத்துவமனையில் டெக்னீஷியன் பொறுமைசாலி, இன்னொன்றில் அவசரக்காரர் என்றால் போதும், இரு இடத்து நோயாளிகளின் நரம்புப் புரதம் வேறுவேறு என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம்.

இன்னும் சில சிடுக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிடிஎன்எஃப் முதலில் நீளமான முன்வடிவமாகத் தயாராகி, பின் வெட்டப்பட்டு முதிர்வடிவம் ஆகிறது. முதிர்வடிவம் இணைப்பை வளர்க்கும், முன்வடிவம் வேறொரு ஏற்பியில் (செல்லின் மேல் புரதம் வந்து ஒட்டும் இடத்தில்) அமர்ந்து இணைப்பைக் கத்தரிக்கும். இரண்டையும் பிரித்தறியாமல் கூட்டி எண்ணும் கிட்டுகள் உண்டு. மனச்சோர்வில் சீரம் பிடிஎன்எஃப் குறையும், மனச்சோர்வு மருந்துகள் தொடங்கினால் ஏறும் என்ற அவதானிப்பு பழையது. இவருக்கு முதல் வாரத்தில் சோர்வு கடுமையாக இருந்தது. மருந்து தொடங்காமல் காத்திருந்தோம், குடியால் வரும் சோர்வு பலருக்கும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே தணியும் என்பதால். தணிந்தது. மருந்து கொடுத்திருந்தால் இந்தக் கணக்கில் இன்னொரு முடிச்சு விழுந்திருக்கும்.

எலி ஆய்வுகளைப் படிப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய ஒன்றும் உண்டு. சுண்டெலியின் தட்டணுவில் பிடிஎன்எஃப் அநேகமாக இல்லை. சுண்டெலி ரத்தத்தில் பார்த்ததை அப்படியே மனிதரின் சீரத்துக்குக் கொண்டுவர முடியாது.

அப்படியானால் ரத்தத்து அளவுக்கு மூளையோடு தொடர்பே இல்லையா? அவ்வளவு தூரம் நான் போகமாட்டேன். மூளையிலிருந்து எவ்வளவு வெளியே வருகிறது, வெளியிலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. ரத்த நாளச் சுவர், தசை, நோயெதிர்ப்புச் செல்கள் எல்லாமே பிடிஎன்எஃப் தயாரிக்கின்றன. பெரிய கூட்டங்களில், தட்டணுவையும் உறைநேரத்தையும் கட்டுக்குள் வைத்து அளந்தால், மெல்லிய உண்மை ஒன்று தென்படலாம். கட்டிலில் படுத்திருக்கும் ஒற்றை மனிதரிடம் அந்த எண்ணைக் காட்டி எதிர்காலம் சொல்வதற்கு மட்டும் அது பயன்படாது.

கால் எரிச்சலும் என்ஜிஎஃப்பும்

இவர் கேட்டு வந்தது கால் எரிச்சலுக்கு மருந்து. வலியையும் சூட்டையும் உணரும் மெல்லிய நரம்பிழைகள் வளர்வதற்கு வேண்டியது என்ஜிஎஃப். அதன் ஏற்பியில் பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு வலியே தெரியாது, வியர்வையும் வராது. அப்படியானால் நரம்பு பட்டுப்போன இவருக்கு என்ஜிஎஃப் குறைவாக இருக்க வேண்டுமா? அல்லது, வளர்ந்த மனிதரிடம் என்ஜிஎஃப் வலியைக் கூட்டும் பொருள் என்பதால், எரிகிற கால் உள்ளவருக்கு அதிகமாக இருக்க வேண்டுமா?

இரு பக்கமும் நியாயம் உண்டு. என்ஜிஎஃப்பை முடக்கும் எதிர்ப்புரத மருந்துகள் மூட்டுவலியைக் குறைத்தன, ஆனால் சிலருக்கு மூட்டு வேகமாகச் சிதைந்ததால் 2010இல் பரிசோதனைகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. எதிர்த்திசையில், சர்க்கரை நோயாளிகளின் நரம்புப் பாதிப்புக்கு என்ஜிஎஃப்பை ஊசியாகவே போட்டுப் பார்த்தார்கள். தொடக்கத்தில் நம்பிக்கை தந்த மருந்து பெரிய சோதனையில் பலிக்கவில்லை, ஊசி போட்ட இடம் வலித்தது. கடைசியில் என்ஜிஎஃப் மருந்தாக நிலைபெற்றது கண்ணில்தான். நரம்புணர்வு இழந்து புண்ணாகும் கருவிழிக்கான சொட்டு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எங்கள் நோயாளியிடம் என்ன கிடைத்தது? மூன்றில் இரண்டு மாதிரிகளில் கிட்டின் அளவிடும் வரம்புக்குக் கீழே, ஒன்றில் மில்லிலிட்டருக்கு 14 பிக்கோகிராம், அதுவும் வரம்பை ஒட்டி. ரத்தத்தில் என்ஜிஎஃப் அவ்வளவு அரிது. பிடிஎன்எஃப்போடு ஒப்பிட்டால் அது அரிசிமூட்டைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடிகூட இல்லை. இதை வைத்து ஒரு வாக்கியமும் எழுத எனக்குத் துணிவில்லை. குடிநோயாளிகளின் என்ஜிஎஃப் பற்றிய ஆய்வுகளிலும் கூடுதல் என்பவை உண்டு, குறைவு என்பவையும் உண்டு. வரம்பின் விளிம்பில் அளந்தால் அப்படித்தான் ஆகும் என்று தோன்றுகிறது.

காலுக்கு நாங்கள் செய்தது பழைய வைத்தியம். மதுவை நிறுத்துவது, தயமின், மற்ற பி வைட்டமின்கள், இரவில் நரம்பு வலிக்கான காபாபென்டின். அதே வலிக்குக் கொடுக்கும் டுலாக்செட்டினைக் கல்லீரலை நினைத்துத் தவிர்த்தோம். ஆறாம் வாரம் எரிச்சல் பாதியானது. கட்டிலில் காலை நீட்டிப் படுக்கிறார் என்று மனைவி சொன்னார்.

அந்த ஒரு ராத்திரிக்குப் பிறகு

குடித்த மறுநாளே மனைவி அழைத்து வந்துவிட்டார். நோயாளியின் தலை குனிந்திருந்தது. நானும் குனிந்துதான் பேசினேன். அந்த முப்பத்தைந்து, இருபத்தாறு எல்லாம் உங்கள் மூளையின் எண் இல்லை, ரத்தம் உறைய வைக்கிற அணுக்களின் எண், அதைத் தப்பாகப் படித்துச் சொன்னது நான் என்றேன். மூட்டை உதாரணத்தையும் சொன்னேன். அவருக்குச் சட்டென்று பிடிபட்டது. "அப்ப கடையில ஸ்டாக் எடுக்கிற மாதிரி, சாமான் ஏறினா கணக்கும் ஏறும்" என்றார். பிறகு அறிவாற்றல் சோதனையின் இரண்டு தாள்களையும் எதிரே வைத்தேன். 15ஆம் நாள் வரைந்த கடிகாரத்தில் எண்கள் எல்லாம் வலப்பக்கம் நெருக்கியடித்திருந்தன. 29ஆம் நாள் கடிகாரத்தில் பன்னிரண்டும் அதனதன் இடத்தில். அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தச்சருக்கு அளவு சொல்லித்தர வேண்டியதில்லை.

குடி ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் தொடங்கினோம், கல்லீரல் நொதிகள் அதற்குள் நன்றாக இறங்கியிருந்தன. வாரம் ஒருமுறை குழு ஆலோசனை. மாதம் ஒருமுறை பாஸ்ஃபாடிடைல் எத்தனால் பரிசோதனை. கடைசி இரண்டு முதல் நான்கு வாரக் குடியைக் காட்டிக்கொடுக்கும் அது. மூன்றாம் மாதத்திலிருந்து தொடர்ந்து எதுவும் தென்படவில்லை.

வார்டில் முறை மாறியது. சீரம் டியூப் சரியாக 60 நிமிடம் நின்ற பிறகே சுழலும், எடுத்த நேரமும் சுழற்றிய நேரமும் லேபிளில் எழுதப்படும். அதே காலையில் தட்டணு எண்ணிக்கை கட்டாயம். ஒருவரின் எல்லா மாதிரியும் ஒரே பிளேட்டில். முடிவு வந்தால் ஆய்வுக் கோப்புக்கு மட்டும் போகும், கட்டிலருகே போகாது. கடைசி விதியை யாருக்காகப் போட்டேன் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஆறாம் மாதம் வந்தபோது அறிவாற்றல் சோதனையில் 26. தட்டணு 2,31,000. ஜிஜிடி 48. பெருவிரலில் அதிர்வு இப்போது லேசாகத் தெரிகிறது. கணுக்கால் அனிச்சை திரும்பவில்லை, திரும்பாமலே போகலாம். கட்டைவிரல் தழும்பு வெள்ளைக்கோடாக நின்றது. சுத்தியலால் நான் குதிகால் தசைநாரைத் தட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டார்:

"அந்த நம்பர் இப்ப எவ்ளோ டாக்டர்?"

"எடுக்கல."

"சரி, விடுங்க" என்று சொல்லிவிட்டு, நடுங்காத கையால் காலுறையை மாட்டினார்.